இயந்திரம் மட்டுமே எடுக்கும் முடிவு: ஐரோப்பியச் சட்ட ஆய்வின் வரலாறு

செயற்கை நுண்ணறிவுக் கொள்கைக்கான சட்ட ஆய்வு என்பது, கணினி நிரல்கள் மனிதரைப் பற்றி எடுக்கும் முடிவுகளைச் சட்டத்தின் கண்கொண்டு ஆராயும் பணியாகும். அம்முடிவுக்கு யார் பொறுப்பு, அதை எதிர்த்து எங்கே முறையிடுவது, காரணம் கேட்கும் உரிமை உண்டா என்பவை இத்துறையின் அடிப்படைக் கேள்விகள். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு தோன்றிய புதிய தொழில் இது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் ஐரோப்பாவில் இதன் வேர்கள் 1970களிலேயே ஊன்றிவிட்டன.

கணினி மட்டுமே அடிப்படையாக இருந்து ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற விதி 1978இல் பிரான்சு நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. அந்த விதி 1995இல் ஐரோப்பா முழுவதற்குமானது. 2016இல் புதுப்பிக்கப்பட்டது. 2023இல் நீதிமன்றத்தால் விரித்துரைக்கப்பட்டது. இந்தப் பயணம் முழுவதிலும் சர்ச்சைக்கு உள்ளான சொல் 'மட்டும்' என்பதே. அந்த ஒரு சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், சட்ட ஆய்வாளரின் பணி எத்தகையது என்பதும் விளங்கும்.

பணியின் தன்மை

இத்துறையின் ஆய்வாளர்கள் பல்கலைக்கழகங்கள், தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள், நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவுகள், மனித உரிமை அமைப்புகள், தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றில் பணிபுரிகின்றனர். அவர்களது அன்றாட வேலையின் பெரும்பகுதி வாசிப்பும் ஒப்பீடும் ஆகும். ஒரு சட்ட வரைவின் பல வடிவங்களை அருகருகே வைத்து, எந்தச் சொல் எப்போது சேர்ந்தது, எது நீங்கியது என்று பார்க்கின்றனர். தீர்ப்புகளைத் தொகுக்கின்றனர். அரசு கருத்துக் கேட்கும்போது எழுத்துவடிவில் பதில் தருகின்றனர். வழக்குகளில் நீதிமன்றத்துக்கு உதவும் குறிப்புகளைத் தயாரிக்கின்றனர்.

நிரல் எழுதத் தெரிந்திருப்பது இவர்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் ஒரு நிரல் எந்தத் தரவை எடுத்துக்கொள்கிறது, எதை வெளியிடுகிறது, அந்த வெளியீட்டை யார் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். சட்டத்தின் ஓட்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் இடையில்தான் உள்ளன.

தொடக்கம்: ஹெஸ்ஸே மாநிலம், 1970

உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அன்றைய மேற்கு செருமனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அரசு அலுவலகங்கள் குடிமக்களின் பதிவேடுகளைப் பெருங்கணினிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை தனித்தனி அலமாரிகளில் கிடந்த கோப்புகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அரசின் கை எவ்வளவு ஓங்கும் என்ற கவலையே இச்சட்டத்துக்கு வித்திட்டது. சட்டம் நிறைவேற்றப்படுவதைக் கண்காணிக்கத் தனி ஆணையர் பதவி உருவாக்கப்பட்டது.

ஏதென்ஸில் பிறந்து செருமனியில் குடியேறிய சட்டப் பேராசிரியர் ஸ்பிரோஸ் சிமிடிஸ் 1975 முதல் 1991 வரை அப்பதவியில் இருந்தார். ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபடியே ஆணையராகவும் செயல்பட்ட அவர், இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுகிறார். கல்வியும் கண்காணிப்பும் ஒருவரிடமே இணைந்திருந்தது இத்துறையின் பிற்கால வளர்ச்சிக்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது.

அதே 1970இல் நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கணினியும் சட்டமும் குறித்த ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான யோன் பிங் சட்டப் பேராசிரியராகவும் அறிவியல் புனைகதை எழுத்தாளராகவும் விளங்கினார். 1973இல் சுவீடன், நாடு முழுவதற்குமான முதல் தரவுச் சட்டத்தை இயற்றியது.

சஃபாரி திட்டமும் 1978ஆம் ஆண்டுச் சட்டமும்

இயந்திர முடிவு பற்றிய விதி பிறந்த இடம் பிரான்சு. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம், குடிமக்களின் அடையாள எண்ணைக் கொண்டு அரசின் பல்வேறு பதிவேடுகளை இணைக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன் சுருக்கப் பெயர் சஃபாரி. 1974 மார்ச் 21 அன்று லெ மோந்த் நாளிதழ் இத்திட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சஃபாரி என்ற சொல்லுக்கு வேட்டைப் பயணம் என்றும் பொருள் இருப்பதால், பிரெஞ்சு மக்களே வேட்டையாடப்படுவதாகக் கட்டுரைத் தலைப்பு அமைந்தது.

மக்களிடையே எழுந்த எதிர்ப்புக்குப் பின்னால் ஒரு பழைய நினைவும் இருந்தது. குடிமக்கள் அடையாள எண் முறை, இரண்டாம் உலகப் போரில் பிரான்சு செருமானியரின் பிடியில் இருந்த 1940களில் உருவானது. பதிவேடு தவறான கைக்குப் போனால் என்ன நேரும் என்பதை அறிந்த தலைமுறை அப்போது உயிருடன் இருந்தது.

அரசு பதிவேடுகளின் இணைப்பை நிறுத்திவைத்தது. பெர்னார் த்ரிக்கோ பெயரால் அறியப்படும் குழு ஆராய்ந்து 1975இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1978 சனவரி 6 அன்று கணினியும் உரிமைகளும் குறித்த சட்டம் நிறைவேறியது. சட்டத்தைக் காக்க நிறுவப்பட்ட சிஎன்ஐஎல் என்னும் ஆணையம் இன்றும் இயங்கிவருகிறது.

அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு இரண்டு வாக்கியங்களால் ஆனது. மனித நடத்தையை மதிப்பிடும் எந்த நீதிமன்றத் தீர்ப்பும், ஒருவரது ஆளுமையைக் கணினி வரையறுத்துத் தரும் தகவலை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்றது முதல் வாக்கியம். அரசு அலுவலகமோ தனியாரோ எடுக்கும் முடிவுக்கு அத்தகைய தகவல் ஒரே அடிப்படையாக இருக்கக் கூடாது என்றது இரண்டாம் வாக்கியம்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. நீதிபதிக்கு விதி முழுத் தடையாக இருந்தது. அதிகாரிக்கும் வங்கிக்கும் தடை 'ஒரே அடிப்படை' என்ற அளவோடு நின்றது. கணினியின் கணிப்போடு வேறு ஒரு காரணமும் சேர்ந்துவிட்டால் விதி பொருந்தாது. பிற்கால வழக்குகள் பலவற்றுக்கும் இந்த இடைவெளியே வழிவிட்டது. மூன்றாம் பிரிவு, தன்மீது பயன்படுத்தப்பட்ட கணினித் தகவலையும் அதன் தருக்கத்தையும் அறிந்து எதிர்க்கும் உரிமையைக் குடிமகனுக்கு வழங்கியது.

1995: ஐரோப்பா முழுவதற்குமான விதி

1995 அக்டோபர் 24 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தரவுப் பாதுகாப்புக்கான வழிகாட்டு ஆணையை வெளியிட்டது. அதன் 15ஆம் பிரிவு பிரெஞ்சு விதியின் வழித்தோன்றல். ஒருவரது வேலைத்திறன், கடன் தகுதி, நம்பகத்தன்மை, நடத்தை போன்றவற்றை மதிப்பிடும் தானியங்கிச் செயலாக்கத்தை மட்டும் கொண்டு, அவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை எடுக்கக் கூடாது என்று அது கூறியது. இதற்குச் சில விலக்குகளும் இருந்தன.

விதி இருந்தும் அதைப் பயன்படுத்தி நீதிமன்றம் சென்றவர் அரிது. 2001இல் ஒஸ்லோ மையத்தைச் சேர்ந்த லீ பைகிரேவ் இப்பிரிவை மட்டுமே ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முடிவு என்றால் என்ன, எந்த அளவு மனிதத் தலையீடு இருந்தால் 'மட்டும்' என்ற சொல் பொருந்தாமல் போகும், கணிசமான பாதிப்பு என்பதை யார் அளப்பது என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவர் ஆராய்ந்தார். அப்போது இக்கேள்விகளில் ஆர்வம் காட்டியவர்கள் சிலரே. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கேள்விகள் ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்து நின்றன.

விளக்கம் பெறும் உரிமை பற்றிய விவாதம்

2016 ஏப்ரலில் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நிறைவேறியது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த இது, ஜிடிபிஆர் என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. பழைய 15ஆம் பிரிவு இதில் 22ஆம் பிரிவாக மாறியது. 'மட்டும்' என்ற சொல் அப்படியே தொடர்ந்தது.

இந்த ஒழுங்குமுறை, கணினி எடுத்த முடிவுக்கு விளக்கம் பெறும் உரிமையைத் தருகிறதா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2016இல் பிரைஸ் குட்மேன், சேத் ஃப்ளாக்ஸ்மேன் ஆகிய ஆய்வாளர்கள் அத்தகைய உரிமை உருவாகிறது என்று எழுதினர். ஆக்ஸ்ஃபோர்டு இணைய நிறுவனத்தைச் சேர்ந்த சாண்ட்ரா வாக்டர், பிரென்ட் மிட்டல்ஸ்டாட், லூசியானோ ஃப்ளோரிடி ஆகிய மூவர் 2017இல் அதை மறுத்தனர்.

மறுத்தவர்கள் கையாண்ட முறை சட்ட ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அவர்கள் ஒழுங்குமுறையின் முந்தைய வரைவுகளைத் தேடி எடுத்தனர். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வரைவில் விளக்கம் பற்றிய பேச்சு சட்டப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. இறுதி வடிவத்தில் அது 71ஆம் முகவுரைக் குறிப்புக்கு நகர்த்தப்பட்டிருந்தது. முகவுரைக் குறிப்புகள் சட்டத்தைப் பொருள்கொள்ள உதவும். ஆனால் அவை தாமாகவே உரிமையைத் தோற்றுவிப்பதில்லை. ஆகவே உரிமை தெரிந்தே விலக்கப்பட்டது என்பது அவர்களது வாதம். ஆண்ட்ரூ செல்ப்ஸ்ட், ஜூலியா பவுல்ஸ் ஆகியோர் அதே ஆண்டில் இதற்கு மறுமொழி எழுதினர். முடிவின் தருக்கம் பற்றிப் பொருளுள்ள தகவல் தர வேண்டும் என்று 13, 14, 15 ஆகிய பிரிவுகள் கூறுவதே விளக்க உரிமைதான் என்று அவர்கள் வாதிட்டனர்.

இதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீர்ப்பை ஐரோப்பிய ஆய்வாளர்களும் கூர்ந்து படித்தனர். 2016 சூலையில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் லூமிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றவாளி மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் கொம்பாஸ் என்னும் தனியார் நிரலின் மதிப்பெண், தண்டனை விதித்த நீதிபதிக்கு அளிக்கப்பட்டிருந்தது. நிரல் இயங்கும் விதம் வணிக இரகசியம் என்பதால் வெளியிடப்படவில்லை. மதிப்பெண் தண்டனையைத் தீர்மானிக்கும் காரணமாக அமையாதவரை, எச்சரிக்கைக் குறிப்புகளுடன் அதைப் பயன்படுத்தலாம் என்றது நீதிமன்றம். 1978இல் பிரான்சு நீதிபதிகளுக்கு விதித்த முழுத் தடைக்கும் இத்தீர்ப்புக்கும் உள்ள தொலைவு பெரிது.

நெதர்லாந்து: விதி போதாமல் போன இடம்

சட்டத்தில் எழுதிய உரிமை மக்களை எட்டாமல் போவது எப்படி என்பதை நெதர்லாந்தின் அனுபவம் காட்டியது. அந்நாட்டு அரசு, உதவித்தொகை மோசடியைக் கண்டறிய சிரி என்னும் அமைப்பைப் பயன்படுத்தியது. பல அரசுத் துறைகளின் தரவுகளை இணைத்து, யார் மோசடி செய்யக்கூடும் என்று அது கணித்தது. ஏழைகள் வாழும் பகுதிகளிலேயே இது பயன்படுத்தப்பட்டது. மனித உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கமும் எழுத்தாளர்கள் இருவரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளரும் சட்டப் பேராசிரியருமான ஃபிலிப் ஆல்ஸ்டன் நீதிமன்றத்துக்கு ஆய்வுக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம், இந்த அமைப்புக்கு அடிப்படையான சட்டம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அமைப்பு எவ்வாறு இயங்குகிறது என்று சரிபார்க்க வழியில்லாதது முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

இதைவிடப் பெரிய துயரம் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் நேர்ந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தரும்படி உத்தரவிடப்பட்டனர். பலர் கடனில் மூழ்கினர். குடும்பங்கள் சிதைந்தன. விண்ணப்பங்களை இடர் அளவின்படி வரிசைப்படுத்திய நிரல், விண்ணப்பதாரரின் குடியுரிமையையும் ஒரு கூறாக எடுத்துக்கொண்டிருந்தது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 2020 டிசம்பரில் வெளியானது. 2021 சனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. அவ்வாண்டு டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

சட்ட ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது வேறொரு செய்தி. இங்கே முடிவைக் கணினி மட்டும் எடுக்கவில்லை. அதிக இடர் என்று நிரல் சுட்டிய விண்ணப்பங்களை அதிகாரி ஒருவர் பரிசீலித்தார். ஆனால் அந்த மதிப்பெண் எதனால் வந்தது என்ற தகவல் அவருக்குத் தரப்படவில்லை என்று அம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. 'மட்டும்' என்ற சொல்லை அளவுகோலாகக் கொண்டால், இடையில் ஒரு மனிதர் இருந்ததால் விதி மீறப்படவில்லை என்றுகூட வாதிடலாம். பாதிக்கப்பட்ட தாய்க்கோ தந்தைக்கோ அந்த வாதத்தால் என்ன பயன்?

செயற்கை நுண்ணறிவுச் சட்டம் உருவான விதம்

ஐரோப்பிய ஆணையம் 2018 சூனில் 52 பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. அக்குழு 2019 ஏப்ரலில் நம்பத்தகுந்த செயற்கை நுண்ணறிவுக்கான அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவை கட்டாயமானவை அல்ல. கட்டாயச் சட்டத்துக்கான முன்மொழிவை ஆணையம் 2021 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டது.

முன்மொழிவு, செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை அவற்றின் இடர் அளவுக்கேற்ப வகைப்படுத்தியது. மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் இட்டு அவர்களை நடத்துவது போன்ற சில பயன்பாடுகளைத் தடை செய்தது. கல்வி, வேலைவாய்ப்பு, கடன், அரசு உதவி, காவல், நீதி போன்ற துறைகளில் பயன்படுபவற்றை அதிக இடர் உள்ளவை எனக் கொண்டு கடுமையான நிபந்தனைகளை விதித்தது. இதன் கட்டமைப்பு, சந்தைக்கு வரும் பொருள்களின் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்பற்றியது. தயாரிப்பாளருக்குக் கடமைகள் இருந்தன. ஆனால் பாதிக்கப்படும் மனிதரின் உரிமை பற்றிய பேச்சே இல்லை.

இக்குறையை ஆய்வாளர்கள் உடனடியாகச் சுட்டினர். மைக்கேல் வீல், ஃபிரெடரிக் சௌடர்வேன் போர்கேசியஸ் ஆகியோர் 2021இல் எழுதிய கட்டுரை வரைவைப் பிரிவு பிரிவாக எடுத்து ஆராய்ந்தது. கடமைகளின் உண்மையான உள்ளடக்கத்தைத் தனியார் தரநிர்ணய அமைப்புகளே எழுதப்போகின்றன என்பதை அது எடுத்துக்காட்டியது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமும் மேற்பார்வையாளரும் 2021 சூனில் அளித்த கூட்டுக் கருத்துரையும், பாதிக்கப்படும் தனிமனிதர் வரைவின் பார்வையிலேயே இல்லை என்று குறிப்பிட்டது. அவ்வாண்டு நவம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட குடிமை அமைப்புகள் இதே கோரிக்கையை முன்வைத்தன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததும் விவாதத்தின் திசை மாறியது. பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கு என்ன விதி என்பதே பெரும்பேச்சாயிற்று. எனினும் ஐரோப்பிய நாடாளுமன்றம் 2023 சூன் 14 அன்று ஏற்ற நிலைப்பாட்டில், புதிதாக 68சி என்னும் பிரிவு இடம்பெற்றிருந்தது. அதிக இடர் அமைப்பின் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு எடுக்கப்படும் முடிவுக்கு விளக்கம் பெறும் உரிமையை அது வழங்கியது.

அதன்பின் ஆணையம், நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் அமைச்சர் மன்றம் ஆகிய மூன்றும் முத்தரப்புப் பேச்சு நடத்தின. இப்பேச்சுகளில் நான்கு பத்திகள் கொண்ட ஆவணம் பயன்படும். முதல் மூன்று பத்திகளில் மூன்று தரப்பின் வாசகங்களும், நான்காவதில் உடன்பட்ட வாசகமும் இருக்கும். நான்காம் பத்தியில் ஒரு சொல் மாறினால் மற்றொரு பிரிவில் அது என்ன விளைவை உண்டாக்கும் என்று பார்ப்பது சட்ட ஆய்வாளர்களின் வேலை. 2023 டிசம்பர் 6 அன்று தொடங்கிய இறுதிச் சுற்று, இடைவெளிகளுடன் 8ஆம் நாள் பின்னிரவு வரை நீண்டு உடன்பாட்டில் முடிந்தது.

2023 டிசம்பர் 7: லக்சம்பர்க் தீர்ப்பு

பிரஸ்ஸல்ஸ் நகரில் இப்பேச்சு நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், டிசம்பர் 7 அன்று, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 'மட்டும்' என்ற சொல்லுக்குப் பொருள் கூறியது. வழக்கின் ஊற்றுக்கண் ஹெஸ்ஸே மாநிலம். 1970இல் முதல் தரவுச் சட்டம் பிறந்த அதே மாநிலம்தான் இது.

செருமனியின் பெரிய கடன் தகவல் நிறுவனமான ஷூஃபா, ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்தும் வாய்ப்பைக் கணித்து மதிப்பெண் தருகிறது. அந்த மதிப்பெண்ணால் கடன் மறுக்கப்பட்ட ஒருவர், அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்டார். நிறுவனம் பொதுவான விவரம் தந்து, முழு முறையும் வணிக இரகசியம் என்றது. அவர் மாநிலத் தரவு ஆணையரிடம் முறையிட்டார். பயனில்லை. வீஸ்பாடன் நகர நிர்வாக நீதிமன்றத்தை அணுகினார். அந்நீதிமன்றம் கேள்வியை லக்சம்பர்க்குக்கு அனுப்பியது.

நிறுவனத்தின் வாதம் எளியது. மதிப்பெண் தருவது மட்டுமே தன் வேலை, கடன் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை வங்கியே எடுக்கிறது என்பது அதன் நிலை. இதை ஏற்றால் விளைவு என்ன என்று நீதிமன்றம் பார்த்தது. வங்கியிடம் காரணம் கேட்டால் மதிப்பெண் கணக்கிடப்பட்ட விதம் தன்னிடம் இல்லை என்று சொல்லும். நிறுவனத்திடம் கேட்டால் முடிவு தன்னுடையது அன்று என்று சொல்லும். கேட்பவருக்கு இரண்டு கதவுகளும் அடைபட்டுவிடும். ஆகவே மூன்றாம் தரப்பு அந்த மதிப்பெண்ணைப் பெரிதும் சார்ந்து செயல்பட்டால், மதிப்பெண் இடுவதே தானியங்கி முடிவாகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் ஒரு மனிதரைக் காட்டி விதியிலிருந்து தப்பும் வழி இதனால் குறுகியது.

2025 பிப்ரவரி 27 அன்று அதே நீதிமன்றம் ஆஸ்திரிய வழக்கு ஒன்றில் மேலும் ஒரு படி சென்றது. மாதம் 10 யூரோ கட்டணம் கொண்ட கைப்பேசி ஒப்பந்தம், தானியங்கிக் கடன் மதிப்பீட்டால் ஒருவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. தன் தரவுகள் எந்த முறையில், எந்தக் கொள்கையின்படி பயன்படுத்தப்பட்டன என்பதை அவர் விளங்கிக்கொள்ளும்படி சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. சிக்கலான கணிதச் சூத்திரத்தை மட்டும் எடுத்து நீட்டுவது விளக்கம் ஆகாது என்றும் அது தெளிவுபடுத்தியது. 2017இல் நடந்த விவாதத்துக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது.

பிரிவு 86: சொல் நீங்கியது

செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2024 மார்ச் 13 அன்று 523 வாக்குகளால் ஏற்றது. 46 பேர் எதிர்த்தனர். 49 பேர் நடுநிலை வகித்தனர். 2024 ஆகஸ்ட் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. 113 பிரிவுகளும் 13 பின்னிணைப்புகளும் கொண்ட இச்சட்டத்தில், நாடாளுமன்றத்தின் 68சி பிரிவு மாற்றங்களுடன் 86ஆம் பிரிவாக இடம்பெற்றது.

இப்பிரிவின் வாசகத்தில் 'மட்டும்' என்ற சொல் இல்லை. பின்னிணைப்பில் பட்டியலிடப்பட்ட அதிக இடர் அமைப்பின் வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு முடிவெடுத்து, அது ஒருவரைக் கணிசமாகப் பாதித்தால், முடிவில் அந்த அமைப்பு வகித்த பங்கை விளக்கும்படி அவர் கேட்கலாம். இடையில் மனிதர் இருந்தாரா இல்லையா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. அதே வேளையில் இதற்கும் எல்லை உண்டு. பட்டியலில் இல்லாத அமைப்புகளுக்கு இப்பிரிவு பொருந்தாது. முடிவை மாற்றும்படி கோரும் உரிமையையும் இது தனியே வழங்கவில்லை.

மனிதக் கண்காணிப்பு: தீராத கேள்வி

முடிவெடுக்கும் இடத்தில் மனிதர் ஒருவர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அசைத்துள்ளன. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாய்வது மனித இயல்பு. பணிச்சுமை மிகுந்த அலுவலர் திரையில் தெரியும் மதிப்பெண்ணை மறுத்து எழுதத் தயங்குவார். மறுத்துவிட்டுப் பிறகு தவறானால் பழி தம்மேல் விழும் என்பதும் அவருக்குத் தெரியும். அரசு நிரல்களை மனிதர் கண்காணிக்க வேண்டும் என்று கோரும் கொள்கைகள் பலவும் பயனற்றவை என்று பென் கிரீன் 2022இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. மனிதர் செய்ய இயலாத ஒன்றை அவரிடம் எதிர்பார்த்து, தீய நிரலுக்கு நற்சான்று வழங்குவதாக அக்கொள்கைகள் முடிகின்றன என்பது அவரது கருத்து.

ஜிடிபிஆர் பற்றி 2018இல் இறுதி செய்யப்பட்ட வழிகாட்டுதல், மனிதத் தலையீடு பெயரளவில் இருத்தல் ஆகாது என்றும், முடிவை மாற்றும் அதிகாரமும் தகுதியும் உள்ளவர் செய்ய வேண்டும் என்றும் கூறியது. செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பும் போக்கைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. இவ்விதிகள் ஓர் அலுவலகத்தின் மேசையில் எப்படிச் செயல்படும் என்பதை நேரில் கண்டு எழுதும் ஆய்வுகள் இப்போது பெருகிவருகின்றன.

இந்தியச் சட்டத்துடன் ஒப்பீடு

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் பிழையின்றியும் இருக்கச் செய்வது தரவைக் கையாளும் நிறுவனத்தின் கடமை என்று அதன் 8ஆம் பிரிவு கூறுகிறது. ஜிடிபிஆரின் 22ஆம் பிரிவைப் போன்ற தனி விதி இச்சட்டத்தில் இல்லை. தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அது அரசு பயன்படுத்தும் அமைப்புகளை மதிப்பிடுவதற்கான கொள்கை ஆவணமேயன்றிச் சட்டமன்று.

இன்றைய நிலை

ஐரோப்பியச் சட்டத்தின் தடைகள் 2025 பிப்ரவரி 2 முதலும், பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கான கடமைகள் 2025 ஆகஸ்ட் 2 முதலும் பொருந்துகின்றன. மற்ற விதிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் முதலில் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 2 ஆகும். அதிக இடர் அமைப்புகளுக்கான கடமைகளைத் தள்ளிவைக்கவும், தரவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு வாசகத்தைத் திருத்தவும் 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. இதனால் ஆய்வாளர்கள் மீண்டும் வரைவுகளை அருகருகே வைத்து, எந்தச் சொல் மாறுகிறது என்று பார்க்கத் தொடங்கினர்.

பதிவேடுகளை இணைக்கும் திட்டத்தைக் கண்டு 1974இல் பாரிஸ் மக்கள் அஞ்சியபோது, இன்றுள்ள செயற்கை நுண்ணறிவு அவர்கள் கற்பனையில் இல்லை. ஆயினும் அவர்கள் எழுதிவைத்த விதி, தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லாமல் முடிவின் பெயரைச் சொன்னது. பெருங்கணினிக் காலத்து விதி கடன் மதிப்பெண்ணுக்கும் பொருந்தியதற்கு அதுவே காரணம். வங்கி வாசலில் கடன் மறுக்கப்பட்டு நிற்பவர் கேட்கும் கேள்வி, இந்த முடிவை எடுத்தது யார், ஏன் என்பதே. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதைச் சட்டத்தின் சொற்களில் தேடுவதே இத்துறையின் பணியாக இன்றும் தொடர்கிறது.